மூக்கு படித்த பாடம்

லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில் 1905இல் ஒரு வழக்கு தொடங்கியது. கடையில் விற்கும் விஸ்கி உண்மையில் விஸ்கிதானா என்பதே கேள்வி. முளைகட்டிய பார்லியைச் செம்புப் பானையில் வடிப்பதுதான் அசல். மக்காச்சோளத்தையும் கோதுமையையும் போட்டு, ஓயாமல் இயங்கும் உயரமான வடிகலனில் மலிவாக எடுப்பதற்கு அந்தப் பெயர் தகுமா என்று மல்லுக்கட்டினார்கள். அரச ஆணையம் ஒன்று விசாரித்து, 1909இல் அதுவும் விஸ்கிதான் என்றது. கிரெய்ன் விஸ்கி என்பது அதுதான். உலகமெங்கும் விற்கும் கலப்பு ஸ்காட்ச்சில் பெரும்பாலும் பாதிக்கு மேல் அதுவே இருக்கிறது. புட்டியின் மேல் அதன் பெயர் இருக்காது. புகழ் மால்ட்டுக்கு, உழைப்பு கிரெய்னுக்கு. (இந்த உவமையை நான் நீட்டப்போவதில்லை. இதைப் படிக்கும் பெண்கள் தாங்களே நீட்டிக்கொள்வார்கள்.)

எப்போதாவது ஒரு பீப்பாய் கலவைக்குப் போகாமல் தப்பிக்கும். பல ஆண்டு கழித்துத் தன் ஆலையின் பெயரோடு தனியாக வெளியே வரும். அது சிங்கிள் கிரெய்ன். ஒரே தானியம் என்று எண்ணத் தோன்றும். ஒரே ஆலை என்பதுதான் பொருள்.

கருத்தரங்கு ஒன்றுக்காக கிளாஸ்கோ போயிருந்தபோது எனக்குக் கிடைத்தது போர்ட் டண்டஸ் ஆலையில் வடித்தது. கால்வாய்க் கரையில் இருந்த அந்த ஆலையை 2010இல் மூடிவிட்டார்கள். இது 28 ஆண்டு ஷெர்ரிப் பீப்பாயில் கிடந்த சரக்கு. ஷெர்ரி, ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதித் திராட்சை மது. அது ஊறிய ஓக் மரத்துக்குள், நிறமே இல்லாத சாராயம் கொஞ்சம் கொஞ்சமாக மரத்தைக் குடித்துக் கருத்துப்போகும். ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சதவீதம் காற்றில் கரைந்துவிடும். அதைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள்.

ருசி பார்க்க வந்திருந்த பத்துப் பேரில் நாங்கள் மூன்று பெண்கள். “இது மென்மையானது, பெண்களுக்குப் பிடிக்கும்” என்று சொல்லி என் முன்னால் கோப்பையை வைத்தார் நடத்தியவர். 54 சதவீத ஆல்கஹால்! 1872 முதல் கார்டூ ஆலையை நடத்திய எலிசபெத் கம்மிங்கையும், 1934இல் தட்டச்சு வேலைக்கு வந்து 1954இல் லஃப்ராய்க் ஆலைக்கே உரிமையாளரான பெஸ்ஸி வில்லியம்சனையும் பற்றிச் சற்றுமுன் பெருமையாகப் பேசியவரும் அவர்தான்.

“குடிக்காதீர்கள், முதலில் மூக்கை வையுங்கள்” என்றார். கலவை வல்லுநர்கள் நாக்கைவிட மூக்கை நம்பித்தான் வேலை செய்கிறார்களாம்.

எனக்கு அது புதிய பாடமில்லை. அப்பா செருப்பைக் கழற்றும் முன்பே அம்மா முகர்ந்துவிடுவாள். பிராந்தியா ரம்மா, குவார்ட்டரா அதற்கு மேலா, எல்லாம் வாசற்படியிலேயே தெரிந்துவிடும். குவார்ட்டர் என்றால் சோறு போடலாம். மேலே என்றால் எங்களைப் பின்கட்டு வழியாகப் பக்கத்து வீட்டு அத்தையிடம் அனுப்பிவிடுவாள். அவள் கணிப்பு தவறிய இரவுகள் மிகக் குறைவு. அவள் நாக்கில் ஒரு துளி பட்டதில்லை.

அதனால் கோப்பையை முகர்ந்ததும் முதலில் எனக்கு அடிவயிறு இறுகியது. உடம்புக்கு ஸ்காட்ச் தெரியாது. இரவு ஒன்பதரை மணி தெரியும். கோப்பையைக் கீழே வைத்தேன். சில துளி தண்ணீர் விட்டுக் காத்திருந்து, மறுபடி எடுத்தேன்.

வார்னிஷ் நெடி வந்து விலகியது. பிறகு, நான் எதிர்பாராத கொப்பரை வாசனை. செக்கடியில் வெயிலில் காயுமே, அதே. ஓக் மரத்திலுள்ள லாக்டோன் தருகிற மணமாம்; கிரெய்ன் மெலிந்த சாராயம் என்பதால் மரத்தின் வாசனையை அமுக்காமல் விட்டுவிடுகிறது. அதன் பின்னால் உலர்திராட்சை, அடிப்பிடிக்கப் போகும் கருப்பட்டிப் பாகு. நாக்கில் எண்ணெய்போல் படர்ந்து இனித்தது. விழுங்கிய பின் கடுக்காய்த் துவர்ப்பு நெடுநேரம் நின்றது.

கையில் கொடுத்த குறிப்புத்தாளில் தோல், சுருட்டு, கிறிஸ்துமஸ் கேக் என்று அச்சிட்டிருந்தது. கனவான்கள் தங்கள் மன்றத்து நாற்காலியில் சாய்ந்தபடி கண்டெடுத்த சொற்கள். நான் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் தமிழில் எழுதினேன். துவர்ப்பு என்றால் என்ன என்று கேட்டார்கள். வாயை உலர்த்துவது என்று அவர்கள் சொல்வது வாய்க்கு நேர்வதைச் சொல்கிறதே தவிர, சுவையைச் சொல்லவில்லை. நமக்கு அது ஆறு சுவைகளில் ஒன்று.

ஊர் திரும்பியதும் தோழி ஒருத்தி, “இதையெல்லாம் எழுதத்தான் வேண்டுமா?” என்றாள். டாஸ்மாக் கடை ஒன்றை மூடச் சொல்லி என்னோடு வெயிலில் உட்கார்ந்தவள். அவள் கேள்வி நியாயமானது. 1992இல் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் சாராயக் கடையை மூடவைத்த செய்தியை அம்மா வெட்டிவைத்திருந்தாள். கடையை மூடக் கோரிய மனுவில் என் கையெழுத்து இருக்கிறது, இனியும் போடுவேன். ஆனால், குடி என்றாலே ஆண்கள் குடிப்பதும் பெண்கள் அடிபடுவதும் மட்டும்தான் என்று நாமே முடித்துவிட்டால், ஒன்றை முகர்ந்து, நிதானித்து, ‘எனக்குப் பிடிக்கிறது’ என்று சொல்லும் இடத்தையும் அவர்களிடமே விட்டுக்கொடுக்கிறோம். ஔவையும் அதியமானும் சேர்ந்து கள் அருந்தியதைப் புறநானூறு சொல்கிறது. ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். ஆண்டுதோறும் யாராவது எழுந்து, அது பழச்சாறாக இருக்கலாமே என்கிறார்கள்.

தோழிக்கு முழுப் பதிலும் என்னிடம் இல்லை. அம்மாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். குடித்ததைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. வாசனையைத்தான் கேட்டாள். சொன்னேன்.

“கொப்பரை வாசமா?” என்று சிறிது நேரம் யோசித்தாள். “நம்ம வீட்டுக்கு ஒருநாளும் அப்படி வரலையேடி.”