இருமலுக்கு ஒரு தலையணை

சூலக்கரையில் பைபாஸ் என்றால் நான்குவழிச் சாலைதான். அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு என்பதே 2012 ஆகஸ்டில், மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அய்யா விருதுநகர் பருப்பு மில்லில் மூட்டை தூக்கியவர். இதயத்தில் மூன்று அடைப்பு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அந்த ஜனவரியில்தான் தொடங்கியிருந்தது. அந்த அட்டை இல்லையென்றால் வீடு போயிருக்கும்.

ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். ஆபரேஷன் சக்சஸ் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். உள்ளே நடந்தது வேறு.

நெஞ்செலும்பை அறுத்து எஃகுக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அது கூடிவர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை தண்ணிக்குடம்கூடத் தூக்கக் கூடாது. இருமினால் தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொள்ள வேண்டும். அவர் முனகியதோ காலுக்காக. பைபாஸுக்காக நரம்பு எடுத்த இடம் கெண்டைக்காலிலிருந்து தொடைவரை வீங்கிக் கிடந்தது. “நெஞ்சு நோவுன்னு போனேன், காலக் கிழிச்சு அனுப்பிட்டாக.” சோற்றில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளுவார், பிறகு சுவரைப் பார்த்து அழுவார். இந்த ஆபரேஷனுக்குப் பின் பலருக்கு மனசு இப்படி விழும் என்று வெகுநாள் கழித்து ஒரு நர்ஸம்மா சொன்னார். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகள்தான் இருந்தன.

செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்தது. 35 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். எங்கள் பக்கத்திலிருந்தும் காலையில் வேன் ஏறிப் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அய்யா டிவி முன் தலையணையோடு உட்கார்ந்திருந்தார். திரையில் ஆம்புலன்ஸ் அலறும்போதெல்லாம் அதை இறுக்கினார். இருமலே இல்லை. வேன் திரும்பிவிட்டது என்று நான் வந்து சொன்ன பிறகும் பிடியை விடவில்லை. அன்று ராத்திரிதான் முதன்முதலாக, யாரும் கெஞ்சாமல், தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

2022-ல் மறுபடி மூச்சு வாங்கியது. ஆஞ்சியோ எடுத்தார்கள். காலிலிருந்து எடுத்து வைத்த இரண்டில் ஒன்று அடைத்துவிட்டது; நெஞ்சுக்கூட்டிலிருந்தே திருப்பிவிட்ட ரத்தக்குழாய் நன்றாக ஓடுகிறது. உலகெங்கும் இதே கதைதானாம். கால் நரம்பில் ஏறக்குறையப் பாதி, பத்து வருடத்தில் அடைத்துப்போகும். நெஞ்சுக் குழாய் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். 1975-ல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்த காலத்தில் கால் நரம்புதான் பெருவழக்கு.

அய்யாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். கேட்டுவிட்டுத் தழும்பைச் சொறிந்தார்.

“மூட்டை தூக்குன காலு. அங்கயும் பத்து வருசம் தூக்கியிருக்குல்ல.”