நீர்வீச்சு யந்திரத்தின் நோய்

யந்திரம் ஓட மறுத்தால் நம்மவர் செய்யும் முதற்காரியம், கயிற்றை முன்னிலும் பலமாக இழுப்பது. இரண்டாவது, அதை உதைப்பது. மூன்றாவது, பட்டறைக்காரர் கேட்ட பணத்தை எண்ணி வைப்பது. யோசிப்பது என்பது இந்த வரிசையில் எங்கும் காணோம்.

சுங்கை சிப்புட்டுக்கு அருகில் என் தமக்கை மகன், செம்பனைக் குலை ஏற்றும் லாரிகளைக் கழுவிக் கொடுத்துப் பிழைக்கிறான். அவனுடைய முதல் முழுவதும் பெட்ரோலால் ஓடும் ஒரேயொரு நீர்வீச்சு யந்திரம். மழைக்காலத்தில் இரண்டு மாதம் வேலையின்றிக் கிடந்த அது, பிறகு எழுந்திருக்க மறுத்தது. பட்டறையிலோ பம்பையே மாற்றவேண்டுமென்று சொல்லி, புதிய யந்திரத்தின் விலையில் பாதிக்குமேல் கேட்டார்களாம். "மாமா, இனி நான் தோட்டத்துக்கே கூலிக்குப் போகவேண்டியதுதான்" என்று முகம் வாடி வந்து நின்றான்.

இந்த யந்திரம் ஒன்றன்று, இரண்டு. ஒரு பாதி, புல்வெட்டும் யந்திரத்தில் உள்ளதைப் போன்ற சாதாரண எஞ்சின். மறுபாதி, அந்த எஞ்சின் சுழற்றும் பம்பு. எந்தப் பாதி நோயுற்றது என்று அறியுமுன் மருந்து தேடுவது அறிவீனம். எஞ்சினே ஓடாதபோது பம்பின்மேல் பழி சுமத்துவானேன்?

முதலில், கயிறு இறுகி இழுக்க வராமலிருந்தால், அடைபட்ட நீரின் அழுத்தமே பெரும்பாலும் காரணம்; துப்பாக்கிப் பிடியை அமுக்கி நீரை வெளியேற்றினால் கயிறு இளகிவிடும். அவனுடைய யந்திரத்தில் அந்தக் குறை இல்லை. சோக் மூடியிருக்கும்வரை இருமிக்கொண்டே ஓடியது. திறந்த மாத்திரத்தில் மாய்ந்தது. காற்று போதிய அளவு வந்தும் பெட்ரோல் வராமல் தவிக்கும் எஞ்சினுக்கு இதுவே இலட்சணம்.

பெட்ரோல், கிடந்தால் கெடும் பொருள். நம் நாட்டு வெயிலில் அதன் லேசான பகுதி ஆவியாகப் போய்விட, கார்புரேட்டரின் கிண்ணத்தில் பிசின்போன்ற கசடு தங்குகிறது. ஜெட் எனப்படும் பித்தளைத் திருகின் துவாரமோ குண்டூசியினும் நுண்ணியது. அது அடைபட ஒரு துளிக் கசடு போதும். பிளக்கின் கம்பியைக் கழற்றி வைத்து, பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கிண்ணத்தை இறக்கினோம். அடியில் தேனிறத்தில் கசடு படிந்திருந்தது. ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன், மறுபுறம் தெரியவில்லை. கார்புரேட்டர் கழுவும் மருந்தில் நனைத்து, மின்சார வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செப்புக்கம்பியை நுழைத்து, காற்றை ஊதியபின் வானம் தெரிந்தது. இரும்பூசி இடலாகாது, துவாரம் பெரிதானால் எஞ்சின் பெட்ரோலை வீணே குடிக்கும். பழைய பெட்ரோலைக் கொட்டிப் புதிதாய் ஊற்றினோம். இரண்டாம் இழுப்பில் எஞ்சின் சீராக ஓடியது.

ஆயினும் தண்ணீர் விட்டுவிட்டுத் துடித்து வந்தது. இப்போதுதான் மறுபாதியின் முறை. அப்போதும் பம்பைப் பிரிக்கலாகாது. பம்புக்குள் தண்ணீர் தடையின்றிப் போகிறதா என்று பார்க்கவேண்டும். நீர் நுழையும் வாயிலுள்ள சிறு வலையைக் கழற்றினால், தொட்டியிலிருந்து வந்த செம்மணல் அப்பிக் கிடந்தது. கழுவிப் போட்டு, எஞ்சினை நிறுத்தியபடியே பிடியை அமுக்கிக் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றிய பிறகு நீர் ஒரே சீராய்ப் பாய்ந்தது. பட்டறை விலை கூறிய பம்புக்கு வேறு நோய் ஏதுமில்லை!

அச்சமயத்தில் பையன் மகிழ்ச்சி மிகுதியால், பாய்ச்சலின் வேகத்தைச் சோதிக்க விரலை நீட்டினான். அவன் கையைத் தட்டிவிட்டேன். வீட்டுக்குழாய் நீரின் அழுத்தம் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 100 இராத்தலுக்கும் குறைவு. இவ்வகை யந்திரத்தின் நீரோ 2,500 இராத்தலுக்கும் மேல். அது தோலைத் துளைத்து உள்ளே புகும். வெளியே ஊசி குத்தியதுபோன்ற புள்ளிதான் தெரியும். தொடக்கத்தில் வலியும் அதிகமிராது. அதை நம்பி வீட்டில் மஞ்சள் வைத்துக் கட்டியிருப்பவன் விரலையே இழக்கக்கூடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய காயம் அது. சிவப்பு நாசிலின் நீர் ஒரே கோடாய்ப் பாய்வதால் அபாயம் மிக அதிகம். லாரி கழுவ விரிந்து வீசும் பச்சையும் வெள்ளையும் போதும்.

இப்பொழுது அவன், சில நாள் வேலையில்லையென்று தெரிந்தால், பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கிண்ணத்தில் உள்ளதைக் குடித்து எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிடுகிறான். தண்ணீர் வந்துகொண்டிருக்கையில்தான் அப்படிச் செய்கிறான். வறண்டு ஓடினால் பம்பு சில நிமிஷத்தில் கெட்டுவிடும். பிடியை விட்டுவிட்டு வெகுநேரம் ஓடவிடுவதுமில்லை. அப்போது அதே நீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடேறும். சென்ற வாரம் பம்பின் அடியில் நீர் சொட்டுவதாகச் சொல்லியனுப்பினான். சீல் வளையங்கள் தேய்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்குப் போய்ப் புதிய வளையங்களை வாங்கிவருவதாக இருக்கிறோம். இம்முறை ஸ்பானரைப் பிடிக்கப்போகிறவன் அவனே.