வாயைக் கட்டலாம், ஜீனை?

எடை குறைக்க ஆபரேஷன் என்றாலே தொப்பைக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறதுன்னு பல பேர் நினைச்சுக்கறாங்க. அது வேற சமாச்சாரம். நான் சொல்றது பைபாஸ். இரைப்பையைச் சின்னப் பையாக்கி, சிறுகுடலோட நேரா இணைச்சு விடறது.

இதுல பெரிய ஆச்சரியம் எடை இல்லை, சர்க்கரை. அமெரிக்காவில் வால்டர் போரீஸ் என்ற சர்ஜன் 1995-ல் ஒரு கட்டுரை எழுதினார். "யார் நினைச்சிருப்பாங்க?" என்பதுதான் தலைப்போட ஆரம்பமே. ஆபரேஷன் செஞ்சுக்கிட்ட சர்க்கரை நோயாளிகளில் பத்துக்கு எட்டு பேருக்கு ரத்தச் சர்க்கரை சாதாரண அளவுக்கு வந்திருந்தது. அதுவும் எடை பெரிசா இறங்கறதுக்கு முன்னாடியே, சில நாளிலேயே!

அப்படின்னா உள்ளே என்னதான் மாறுது? பொட்டி தட்டறவன் பாஷையில சொல்றேன். ஜீன் என்பது சோர்ஸ் கோட். ஆபரேஷனால அதில் ஒரு எழுத்துகூட மாறாது. ஆனா எந்த வரி ஓடணும், எதைக் கமெண்ட் போட்டு மூடணும்னு சொல்ல டி.என்.ஏ. மேல சில ரசாயனக் குறிகள் உண்டு. மெத்தில் என்பது அதில் ஒண்ணு.

2013-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆராய்ச்சியாளர்கள், பைபாஸ் செஞ்சுக்கிட்ட பெண்களோட தசைத் துணுக்கை ஆபரேஷனுக்கு முன்னாடியும், ஆறு மாசம் கழிச்சும் எடுத்து ஒப்பிட்டாங்க. சர்க்கரையையும் கொழுப்பையும் எரிக்கறதில் பங்குள்ள பி.ஜி.சி-1 ஆல்ஃபா, பி.டி.கே-4 ஜீன்கள் மேல இருந்த குறிகள், குண்டா இல்லாதவங்க அளவுக்குத் திரும்பியிருந்தது. கிட்டத்தட்ட ரீசெட் பட்டன் :-)

ஆனா கதை அங்கே முடியலை.

என் பெரியம்மா பொண்ணு மூணு வருஷம் முன்னாடி இந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க. முப்பது கிலோ இறங்குச்சு, சர்க்கரை மாத்திரையும் நின்னுச்சு. இப்போ எட்டு கிலோ திரும்ப ஏறியிருக்கு. போன மாசம் ஒரு கல்யாணப் பந்தியில், "லட்ச லட்சமா கொட்டியும் வாயைக் கட்டத் தெரியலையே"ன்னார் ஒரு சொந்தக்காரர். அக்கா பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிட்டு எழுந்து போயிட்டாங்க.

2024-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒண்ணு இருக்கு. ஸுரிச் ஈ.டி.ஹெச். ஆராய்ச்சியாளர்கள் செஞ்சது. ஆபரேஷனால நல்லா இளைச்சவங்களோட கொழுப்புத் திசுவைப் பார்த்தாங்க. ரெண்டு வருஷம் ஆகியும் பல ஜீன்கள் பழையபடி, குண்டா இருந்த காலத்து மாதிரியே நடந்துக்கிட்டு இருந்தது. எலிகளில் அந்தக் குறிகளே அழியாம நின்னது. இளைச்ச எலிக்கும், குண்டாகவே இருந்திராத எலிக்கும் ஒரே கொழுப்பு உணவைக் கொடுத்தா, இளைச்ச எலிக்குத்தான் எடை வேகமா ஏறுச்சு.

ஆக, தசை திருந்தினாலும் கொழுப்பு மறக்கலை. ஆபரேஷன் வீண்னு இதுக்கு அர்த்தம் இல்லை. மருந்தில்லாம சர்க்கரை கட்டுக்குள்ள இருந்த ஒவ்வொரு வருஷமும் கண்ணுக்கும் கிட்னிக்கும் லாபம்தான். ஆனா ஒரு தடவை கத்தி வச்சதோட முடியற வேலை இல்லை இது. ரத்த அழுத்தம் மாதிரி வாழ்நாள் பூரா டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டே இருக்க வேண்டிய நோய். பி.பி. திரும்ப ஏறினா யாரும் "உனக்கு ரோஷம் இல்லையா"ன்னு கேட்கறதில்லை. மாத்திரையை மாத்திக் கொடுக்கறாங்க, அவ்வளவுதான். எடைக்கும் அந்த மரியாதையைக் கொடுத்தா என்ன?