வில் வளைத்த கதை

இரயில் பெட்டிகளைச் செப்பனிடும் பட்டறையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவன் நான். பெரம்பூரில் செய்த பெட்டிகள் எங்கள் மாட்டுங்கா பட்டறைக்கு வரும்போது, அவற்றின் அடியிலுள்ள சுருள்விற்களைக் கழற்றி, உயரம் அளந்து, இணை சேர்த்து மீண்டும் பூட்டுவது என் வேலை. ஆகவே ஸ்பிரிங்கின் குணம் எனக்குச் சிறிது தெரியும் என்றால், அன்பர்கள் அதைத் தற்புகழ்ச்சி எனக் கருதமாட்டார்கள் என நம்புகிறேன். அப்படிப்பட்ட நான், என் வீட்டு வாசலில் ஒரு ஸ்பிரிங் செய்த தொல்லையைக் கண்டும் ஓராண்டுக் காலம் வாய் திறவாதிருந்தேன்.

என் புதல்வன் தன் சிறிய காருக்கு, வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளை வாங்கிப் பூட்டினான். தாழ்ந்த வண்டி வளைவுகளில் சாயாது. பார்வைக்கும் கம்பீரம் என்பது அவன் வாதம். பாரம் தரைக்கு அருகே இருந்தால் சாய்வு குறையும் என்பது மெய்தான். ஆனால் பந்தயத் தளத்தில் வேகத்தடை இல்லை. மும்பைத் தெருவில் உண்டு. வட்டமான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உடையதாக இருத்தல் வேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதி. எங்கள் தெருவிலுள்ளவை அவ்விதியைக் கேள்விப்பட்டவையாகத் தோன்றவில்லை. 170 மில்லிமீட்டர் இருந்த தரை இடைவெளியில் 40 மில்லிமீட்டரைக் குறைத்துவிட்டால், நால்வர் ஏறியதும் வண்டியின் வயிறு மேடுகளில் உரசாமல் என்ன செய்யும்? தயாரிப்பாளர் குறித்த விவரங்களினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுப்பதையும் நான் அறிவேன். ஆயினும், "அவன் சம்பாத்தியம், அவன் வண்டி" என்று இருந்துவிட்டேன்.

வெள்ளிதோறும் மகனுடன் கோயிலுக்குச் செல்லும் என் மனைவி, மழைக்காலம் முதல் அவ்வழக்கத்தை நிறுத்திக்கொண்டாள். ஒருநாள் முழங்கால் வலி என்பாள். மற்றொரு நாள் அடுப்பில் வேலை என்பாள். தீபாவளிக்கு முன் ஊரிலுள்ள தங்கையுடன் தொலைபேசியில் பேசுகையில், "அந்தக் காரில் ஏறினால் முதுகெலும்பு கழன்றுவிடும் போலிருக்கிறது. பிள்ளை ஆசையாகச் செய்தது, எப்படிச் சொல்வேன்?" என்று அவள் கூறியது மகன் செவியில் விழுந்துவிட்டது. அன்றிரவு அவன் என்னிடம், "அப்பா, பழைய ஸ்பிரிங் எங்கே?" என்று மட்டும் கேட்டான். எண்ணெய் தடவி, கோணியில் சுற்றிப் பரண்மேல் வைத்திருந்தேன்.

ஞாயிறன்று குடியிருப்பின் முற்றத்தில் வேலை தொடங்கினோம். சக்கரத்தின் நட்டுக்களைத் தரையிலேயே தளர்த்தி, பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, வண்டியை ஜாக்கியால் தூக்கி, இரும்புத் தாங்கிகளின்மேல் இருத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் கை நீட்டுவது எமனுக்கு விண்ணப்பம் போடுவதாகும். முன்பக்கத்தில் ஷாக் அப்ஸார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக அமைந்திருக்கும். தூணைக் கழற்றினோம். ஸ்பிரிங் கம்ப்ரஸர் எனும் கொக்கித் திருகுகள் இரண்டையும் எதிரெதிரே மாட்டிச் சிறிது இறுக்கியதுமே குட்டை ஸ்பிரிங் சாதுவாகக் கழன்றது. "இவ்வளவுதானா அப்பா!" என்றான் மகன்.

ஆபத்து அங்கேதான் இருந்தது. பழைய ஸ்பிரிங் நீளமானது. அதை அதே தூணுக்குள் அடக்க வெகுவாக அழுத்த வேண்டும். அழுத்திய விசை முழுவதும் அதற்குள்ளேயே காத்திருக்கும். மகன் ஒரு பக்கத் திருகை மட்டும் விரைந்து முறுக்கினான். ஸ்பிரிங் வாழைப்பழம்போல் வளைந்தது. கொக்கி அரை விரற்கடை நழுவிற்று. "நிறுத்துடா! முகத்தை விலக்கு!" என்று கத்தினேன். அவ்வளவு உரக்க நான் அவனிடம் பேசியதே இல்லை. பின்பு அவன் கையைப் பிடித்து, மறுபக்கத் திருகைச் சிறிது சிறிதாக முறுக்கி நேர்ப்படுத்தினேன். இருவர் கையும் நடுங்கின. அதன்பின் இப்பக்கம் இரு சுற்று, அப்பக்கம் இரு சுற்று என்றே வேலை நடந்தது. நடு நட்டு முழுதும் இறுகும்வரை கொக்கியைத் தளர்த்தவில்லை.

எண்ணெய் கசிந்த ஷாக் அப்ஸார்பருக்கு இணையாக மறுபக்கத்ததையும் மாற்றினோம். பின்பக்கம் எளிதில் முடிந்தது. மறுநாள் சக்கரங்களின் நேர்மையையும் சோதித்து வந்தான்.

அடுத்த வெள்ளியன்று மனைவி முன்னிருக்கையில் அமர்ந்தாள். தெருமுனை வேகத்தடையை வண்டி ஓசையின்றி ஏறி இறங்கியது. "முழங்கால் வலி எப்படி அம்மா?" என்று மகன் கேட்டான். அவள் வெட்கத்துடன் சிரித்தாள்.

ஒருவர் மனம் நோகக்கூடாதென்று மூவரும் ஓராண்டாக வாய்மூடி இருந்தோம். அடக்கிய சொல்லும் அழுத்திய ஸ்பிரிங்கைப் போன்றதுதான். இருபுறமும் சமமாக, மெல்லமெல்லத் தளர்த்தினால் தீங்கில்லை.