மைக்ரான் கணக்கு

காரின் பளபளப்பு நிறத்தில் இருப்பதாகத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். இன்றைய கார்களில் நிறம் மங்கலான ஒரு பூச்சு மட்டுமே. அதன்மேல் நிறமே இல்லாத இன்னொரு பூச்சு அடிக்கிறார்கள்; பட்டறையில் அதற்குக் ‘கிளியர்’ என்று பெயர். மின்னுவதும் அதுதான், கீறல் வாங்குவதும் அதுதான். தடிமன் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் கனம்கூட இல்லாத அந்த ஏட்டின்மேல்தான் பாலிஷ் மெஷின் ஓடுகிறது. ஓடும்போதெல்லாம் அதிலிருந்து கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பொழுதுபோக்காக இதைக் கற்கப் போன எனக்கு மெஷினைப் பிடிக்கும் பழக்கம் சீக்கிரமே வந்துவிட்டது. எதை எடுக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்ற கணக்குப் பிடிபடத்தான் நாளாயிற்று.

எங்கள் கார் கறுப்பு. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சென்னையின் அடுக்கக வளாகங்களில் விடியற்காலையில் கார் துடைக்க வருபவர், ஒரு வாளித் தண்ணீரில் ஒரு துணியை அலசி வரிசையாக எல்லா வண்டிகளையும் துடைத்துவிட்டுப் போவார். முதல் வண்டியின் மண் கடைசி வண்டிவரை போய்ச் சேரும். கீறுவது துணியில் ஒட்டிய அந்த மண்தான். போதாததற்கு போர் தண்ணீரின் உப்பு, காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் பொட்டு வைத்துவிடும்.

வெயிலில் நிறுத்தினால் பானட்டில் சூரியன் தெரியும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல வட்ட வட்டமாகக் கீறல்கள். வட்டமாகத் துடைத்ததால் வந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கீறல்கள் உண்மையில் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. ஒளியை நம் கண் பக்கம் திருப்பிவிடும் கோணத்தில் அமைந்தவை மட்டும் மின்னுகின்றன. அவை சேர்ந்து வெளிச்சத்தைச் சுற்றி வட்டமாகத் தெரிகின்றன. டார்ச்சை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். ட்யூப்லைட்டின் பரந்த வெளிச்சத்தில் புதுசுபோலத் தெரியும் கதவு, சின்ன எல்.இ.டி. டார்ச்சின் முன்னால் தன் வண்டவாளம் முழுவதையும் காட்டிவிடும். மெஷின் வாங்குவதற்கு முன் வாங்க வேண்டியது நல்ல டார்ச்.

கற்றுக்கொடுத்தவர் சென்னைப் பாடி பகுதியில் டிங்கரிங், பெயின்டிங் ஷெட் வைத்திருப்பவர். வாடிக்கையாளர், வேலையாள் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் தெருவை நிறைத்திருந்த காலத்தில் தொழிலுக்கு வந்தவர். அன்றைய பெயின்ட்டுக்குத் தனியாகக் கிளியர் கிடையாது. மேலிருந்து ப்ரைமர் வரைக்கும் நிறமேதான். ரப்பிங் போட்டால் வெளுத்த மேல்பகுதி போய் அடியிலிருந்து நிறம் எழும்பும்; துணியில் வண்டியின் நிறம் அப்படியே ஒட்டும்.

“அப்பல்லாம் துணியில கலர் வந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம். இப்ப பேட்ல கலர் வந்தா கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம் தம்பி” என்றார்.

என் காரைத் தொட அவர் விடவில்லை. புதுப்பேட்டைக்குப் போய், நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை, கம்பெனி பெயின்ட் உள்ள பழைய பானட் ஒன்றை வாங்கி வரச் சொன்னார். சிவப்பு பானட் ஒன்று கிடைத்தது. அதை இரண்டு டயர்மேல் கிடத்தி, ரோட்டரி மெஷினில் கம்பளி பேடை மாட்டி, “வாயில சொன்னா மண்டையில ஏறாது, பாரு” என்று பானட்டின் ஓரத்தில் வேண்டுமென்றே வைத்து நிறுத்தினார். பத்து எண்ணுவதற்குள் வெள்ளைக் கம்பளியின் விளிம்பில் இளஞ்சிவப்பு படர்ந்தது. கிளியர் போய்விட்டது. இன்னும் கொஞ்ச நேரம் வைத்தார். சிவப்புக்குள்ளிருந்து சாம்பல் நிறக் கோடு எட்டிப் பார்த்தது, அது ப்ரைமர். கையை வைக்கச் சொன்னார். சுட்டது.

ஓரத்தில் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதற்குக் காரணங்கள் உண்டு. ஈரமாக இருக்கும்போதே பெயின்ட் கூர்மையான விளிம்பிலிருந்து விலகி ஓடுவதால் அங்கே பூச்சே மெல்லிசு. சமதளத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பரவும் அழுத்தம், ஓரத்தில் ஒரு நூலளவு இடத்தில் குவிகிறது. சூடும் அங்கேயே தேங்குகிறது. அதனால்தான் வேலை தொடங்கும் முன் கதவு ஓரம், பானட்டின் மடிப்பு, கைப்பிடி, ரப்பர் பீடிங் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுகிறார்கள். ஒட்டுவதற்கே அரை நாள் போகும். அந்த அரை நாளைச் சலிக்காமல் கொடுப்பவரை நம்பி வண்டியை விடலாம்.

அண்ணன் பிடிப்பது ரோட்டரி. ஒரே அச்சில் சுற்றும், வேகமாக அறுக்கும், வேலை பாதி நேரத்தில் முடியும். தேர்ந்த கையில் இல்லாவிட்டால் கறுப்பு வண்டியில் வெயில் படும்போது மெஷின் போன தடமெல்லாம் ஹாலோகிராம்போல நெளிந்து தெரியும். என்னை அவர் டி.ஏ. (டூயல் ஆக்ஷன்) மெஷின் வாங்கச் சொன்னார். அதில் பேட் மையம் விலகிய அச்சில் ஆடிக்கொண்டே, தன்போக்கிலும் சுற்றும். ஒரே இடத்தில் ஒரே திசையில் தேய்க்காததால் தடம் விழுவது குறைவு. 8, 15, 21 மில்லிமீட்டர் என்று வீச்சைச் சொல்லி விற்கிறார்கள். பெரிய வீச்சுள்ள மெஷின்களைப் பிரபலமாக்கியது 1947-ல் தொடங்கிய இத்தாலியின் ரூபெஸ் நிறுவனம். டி.ஏ.வின் பெரிய குணம் அதன் பொறுமை. அதிகமாக அழுத்தினாலோ, பேடைச் சாய்த்தாலோ சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே அதிரும். சுற்றுகிறதா என்று தெரிந்துகொள்ள பேடுக்குப் பின்னால் இருக்கும் தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்வது வழக்கம். கோடு சுழல்வது கண்ணுக்குத் தெரிந்தால் அறுக்கிறது. ஒரே இடத்தில் நின்று துடித்தால் வெறும் சத்தம்தான்.

வண்டிக்கு வந்தால், மெஷினுக்கு முன்னால் நீண்ட சடங்கு இருக்கிறது. முதலில் கழுவல். பிறகு, பிரேக்கிலிருந்து பறந்து பெயின்ட்டில் புதைந்த இரும்புத் துகளுக்கு ஒரு திரவம் அடிக்க வேண்டும். துகள் இருக்கும் இடத்தில் அது ஊதாவாக மாறி வழியும். அதற்கும் போகாத தார்ப்பொட்டு, மரப்பிசின் எல்லாவற்றையும் வழுக்கல் நீர் தெளித்துக் களிமண் கட்டியால் உருவி எடுக்க வேண்டும். பாலிதீன் பைக்குள் கைவிட்டு பெயின்ட்டைத் தடவினால் மீதமிருக்கும் சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். இதையெல்லாம் விட்டுவிட்டு மெஷினை வைத்தால், அந்தத் துகள்களையே பேட் இழுத்துக்கொண்டு போய்ப் புதுக் கீறல் போடும்.

அடுத்தது சோதனைக் கட்டம். பானட்டில் அரை மீட்டருக்கு அரை மீட்டர் டேப் ஒட்டிப் பிரித்துக்கொள்கிறோம். கையில் இருப்பதிலேயே சாதுவான பாலிஷும் மென்மையான ஃபோம் பேடும்தான் முதலில். அதில் போகாவிட்டால் நடுத்தர பேட். அதுவும் போதாவிட்டால்தான் அதிகமாக அறுக்கும் கம்பவுண்ட். எந்தக் கூட்டணி வேலை செய்யும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. ஒவ்வொரு கம்பெனியின் கிளியரும் ஒவ்வொரு கடினம். மெர்சிடிஸ் 2003-ன் கடைசியில் நுண்ணிய செராமிக் துகள் கலந்த கிளியரைக் கொண்டுவந்தது, கீறல் எளிதில் விழக்கூடாது என்பதற்காக. விழாத கீறல் லாபம்; விழுந்துவிட்டால் எடுப்பதும் அதே அளவுக்குக் கடினம். எங்கள் காரின் கிளியர் இளகிய ரகம். துடைக்கும் துணிகூட மெல்லிய கோடு போட்டுவிடும், மெல்லிய பாலிஷே அதை எடுத்தும்விடும்.

கட்டத்துக்குள் வேலை இப்படி நடக்கும். பேடில் பட்டாணி அளவுக்கு நாலு பொட்டு பாலிஷ். மெஷினை ஓடவிடாமல் கட்டம் முழுக்க ஒற்றிக்கொள்ள வேண்டும். ஒற்றாமல் ஓட்டினால் சுவர், சட்டை, கண்ணாடி எல்லாம் தெளிக்கும். குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு வேகத்தைக் கூட்ட வேண்டும். மெஷினின் எடையும் கையின் எடையும் போதும். நொடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் நகர்த்தி, போன தடத்தின் பாதியை அடுத்த தடம் மூடுமாறு முதலில் இடம் வலமாக, பிறகு மேலும் கீழுமாக. ஒயர் தோள்மேல் கிடக்க வேண்டும். பானட்டில் உரசினால் அதுவே ஒரு கீறல். முதலில் வெள்ளையாக இருக்கும் பாலிஷ் போகப் போகக் கண்ணாடிபோல மெலியும். மெஷினின் சத்தமும் கொஞ்சம் இறங்கும். “கண்ண அங்க வை, காத இங்க வை” என்பார் அண்ணன். அந்த நேரத்தில் நிறுத்தி, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சென்னை வெயிலில் தகடு சூடாக இருந்தால் பாலிஷ் பாதியிலேயே காய்ந்து மாவாகப் பறக்கும். அதனால் எங்கள் வேலை நேரம் அதிகாலை. உள்ளங்கையை வைத்தால் தகடு குளிர்ந்திருக்க வேண்டும்.

துடைத்ததும் தெரியும் பளபளப்பை நம்பக்கூடாது. பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலுக்குள் இறங்கி நிரவிவிடும். வாட்டர் வாஷ் கடைகளில் போடும் ‘வேக்ஸ் பாலிஷ்’ பெரும்பாலும் இந்த வித்தைதான். நாலைந்து கழுவலில் எண்ணெய் போய்விடும், கீறல் பழையபடி வந்து நிற்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து ஒரு துடை துடைத்தால் எண்ணெய் போய், உண்மை மட்டும் மிஞ்சும். அதற்குப் பிறகும் கீறல் இல்லையென்றால் கீறல் இல்லை.

கீறலை எடுப்பது என்ற பேச்சே ஒரு வசதிக்காகத்தான். கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை யாரும் எடுக்க முடியாது. அதைச் சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் அடிவரை இறக்குகிறோம். மெல்லிய பாலிஷில் ஒரு மைக்ரானுக்கும் குறைவாகப் போகலாம். கம்பவுண்டும் கடினமான பேடும் சேர்ந்தால் இரண்டு மூன்று போகலாம். போனது திரும்பாது. கிளியரின் வேலை மின்னுவது மட்டும் கிடையாது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் அதில்தான் இருக்கிறது. பழைய கார்களின் கூரையில் தோல் உரிந்ததுபோல வெள்ளைத் திட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். வெயில் தின்று கிளியர் கைவிட்ட இடம் அது. இன்றைக்குக் கூடுதலாக எடுக்கும் பளபளப்புக்கு, பத்து வருடம் கழித்துக் கூரை பில் கொடுக்கலாம்.

இந்த இடத்தில்தான் தடிமன் மீட்டர் வருகிறது. தகட்டில் ஒற்றினால் இரும்புக்கு மேலே எத்தனை மைக்ரான் இருக்கிறது என்று காட்டும். கம்பெனி பெயின்ட் பொதுவாக 100-ஐ ஒட்டி நிற்கும். எங்கள் பானட் 112, கூரை 108, இடது பின் கதவு 230. ‘ஒரிஜினல் பெயின்ட், ஒரு டச்சப்கூட இல்லை’ என்று விற்றவர் அடித்துச் சொன்ன வண்டி! கதவு மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டது என்பதை மீட்டர் ஒரு நொடியில் போட்டு உடைத்தது. பழைய கார் வாங்குபவர்கள் இதைக் கையில் வைத்துக்கொண்டு அலைவது சும்மா இல்லை. பிளாஸ்டிக் பம்பரில் மட்டும் சாதாரண மீட்டரின் ஜம்பம் சாயாது.

மீட்டர் சொல்வது மொத்தத்தைத்தான். துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, ப்ரைமர், நிறம், கிளியர் என்று எல்லாம் சேர்ந்தது அந்த 112. அதில் கிளியர் எத்தனை என்று அது பிரித்துச் சொல்லாது. மெல்லிய பாலிஷ் எடுக்கும் அளவோ அதன் பிழைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். எனவே மீட்டர் எச்சரிக்கும், அனுமதி தராது. விரல் நகத்தைக் குறுக்காக ஓட்டிப் பார்த்து, நகம் மாட்டினால் அந்தக் கீறல் பாலிஷுக்கு உரியதல்ல என்பது பட்டறைகளின் பழைய சோதனை. மீட்டர் வந்த பிறகும் அது செல்லுபடியாகிறது. அண்ணன் இன்னும் நகத்தைத்தான் முதலில் நம்புகிறார்.

பானட் முடிந்ததும், மிச்சமிருந்த நாலைந்து ஆழமான கோடுகளுக்காகக் கம்பவுண்ட் எடுக்கலாமா என்று கேட்டேன். அண்ணன் டார்ச்சை வாங்கி, நான் நிற்கும் தூரத்திலிருந்து அடித்தார். “இங்கருந்து தெரியுதா?” தெரியவில்லை. “ரோட்ல போறவன் டார்ச் அடிச்சிட்டா போறான்? விடு.” பத்துக்கு எட்டுக் கீறல் போனால் வண்டி புதுசாகத் தெரியும். கடைசி இரண்டுக்குச் செலவாகும் கிளியர், முதல் எட்டுக்குச் செலவானதைவிட அதிகம்.

இப்போது என் ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷின் ஓடுவதைவிடத் தண்ணீர் ஓடுவதுதான் அதிகம். சோப்புக்கு ஒரு வாளி, கையுறையை அலச ஒரு வாளி. முதலில் வெறும் தண்ணீர் அடித்து மண்ணைக் கரைத்த பிறகே கை படும். மேலிருந்து கீழே, சக்கரத்துக்குத் தனித் துணி. காய்ந்த தூசியைத் தட்டுவது அறவே இல்லை. உப்புத் தண்ணீர் காயும் முன் துடைத்துவிட வேண்டும். கார் துடைப்பவரிடம் கண்ணாடியும் டயரும் மட்டும் போதும் என்று சொல்லி, பணத்தைக் குறைக்காமல் கொடுக்கிறோம். ஒரு வரிசைக் காருக்கு ஒரு வாளி என்பது அவர் வகுத்த கணக்கு அல்ல. நாம் கொடுக்கும் காசு வகுத்தது.

பெட்ரோல் மூடிக்குப் பக்கத்தில் ஒரு கீறல் அப்படியே இருக்கிறது. யாரோ சாவியால் போட்டது. நகம் நன்றாக மாட்டுகிறது. அந்த இடத்தில் மீட்டர் 88 காட்டுகிறது. இவ்வளவு செய்துவிட்டு இதை விட்டுவிட்டீர்களே என்று பார்க்கிங்கில் கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்வேன். கீறலைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்துவிடும். “நம்ம வண்டிக்கு எவ்ளோ இருக்கு, கொஞ்சம் பாருங்களேன்” என்று மீட்டரோடு என்னை இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.