பழைய கைமணிக்கூடுகளின் தேய்வும் திருத்தமும்

சாவி கொடுத்து இயக்கப்படும் பழைய கைமணிக்கூடுகளுட் பெரும்பாலானவற்றில், சமனிலைச் சில்லானது செக்கனுக்கு 5 அசைவுகளை நிகழ்த்துகின்றது. நாளொன்றுக்கு இவை 4,32,000 ஆகும். ஆண்டொன்றுக்கு 15 கோடியே 76 இலட்சத்தைத் தாண்டும். இத்துணை உழைப்பை வேறெந்த வீட்டுப் பொருளிடமும் எவரும் எதிர்பார்ப்பதில்லை. 1950களிற் சுவிற்சர்லாந்தில் உருவாகித் தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்கு வந்து சேர்ந்த மணிக்கூடு ஒருநாள் நின்றுவிடும்போது, “பழுதாகிவிட்டது” என்றே உடைமையாளர் கூறுவார். பழுது ஒரு கணத்தில் நிகழ்வது. தேய்வோ பல்லாண்டுகளாக ஒருவர் கண்ணிலும் படாமல் நிகழ்ந்து வந்திருப்பது. திருத்துநரின் முதற் கடமை, வந்தது எது என்று பிரித்தறிவதேயாகும்.

பின்மூடியைத் திறந்ததும் அவர் தேடுவது எழுத்துக்களை. முன்னர் அம்மணிக்கூட்டைக் கழற்றிய திருத்துநர்கள் பலர், மூடியின் உட்புறத்தில் ஊசிமுனையாற் சிறு குறிகளையும் திகதிகளையும் கீறிவைப்பது வழக்கம். வெற்றுக்கண்ணுக்கு எளிதிற் புலப்படாத அக்கீறல்கள், அது எத்தனை முறை துப்புரவு செய்யப்பட்டது, எத்தனை ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது என்பவற்றைக் கூறிவிடும். “முப்பது வருடமாக ஒரு திருத்தமும் இல்லாமல் ஓடியது” என்று உடைமையாளர் பெருமிதத்துடன் கூறும் மணிக்கூடுகளே பெரும்பாலும் மிக மோசமாகத் தேய்ந்திருக்கின்றன. அதற்குக் காரணம் உண்டு.

மென்மையான பித்தளைதான் தேயும், கடினமான உருக்குத் தேயாது என எண்ணுதல் இயல்பு. ஆயின், நடப்பது வேறு. எண்ணெய் காய்ந்து பிசுபிசுத்தபின், தூசும் உலோகத் துகள்களும் அதனோடு கலந்து பித்தளைத் துளையின் சுவரிற் புதைந்துகொள்கின்றன. புதைந்தவை அரம்போலாகி, அங்கே சுழலும் உருக்கு அச்சின் முனையைக் கீறுகின்றன. கீறுண்ட முனை மீண்டும் துளையை அராவுகின்றது. எண்ணெயற்று ஓடும் மணிக்கூடு இவ்வாறு தன்னைத் தானே தின்கின்றது. அலமாரியில் நின்றுபோய்க் கிடந்த மணிக்கூடு இவ்வகையில் நற்பேறுடையது எனலாம். செயற்கை எண்ணெய்கள் பரவுமுன்னர், சிறந்த மணிக்கூட்டு எண்ணெய் ஓங்கில் முதலிய கடல்வாழ் விலங்குகளின் தாடையிலிருந்து பெறப்பட்டது என்பது இன்று பலர் அறியாத செய்தி.

இத்தேய்வைத் தடுக்கவே கற்கள் பதிக்கப்படுகின்றன. “பதினேழு கல்” என்று முகப்பில் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு அவற்றை விலைமதிப்புள்ள இரத்தினங்களென நம்பியவர் அநேகர். 1902இல் பிரான்சிய இரசாயனவியலாளர் வேர்னுயி வெளியிட்ட முறையின் வழியே அவை மலிவாகச் செய்யப்படலாயின. எனினும் கனிப்பொருள் என்ற வகையில் அவை இரத்தினபுரியின் நீலக்கல்லுக்கு உடன்பிறந்தவையே. இரண்டும் குருந்தம்; ஆங்கிலேயர் வழங்கும் பெயரும் இத்தமிழ்ச் சொல்லினடியாகப் பிறந்ததே. ஆனால், பதினேழு கல் மணிக்கூட்டிலும் எல்லாத் துளைகளுக்கும் கல் இல்லை. பிரதான வில்லைத் தாங்கும் உருளையின் அச்சு பொதுவாக வெறும் பித்தளையிலேயே சுழல்கின்றது. விசை மிகுந்த இடமும் அதுவே. ஆகவே அத்துளை, விசை தள்ளும் திசையில் நீண்டு முட்டை வடிவமாகின்றது. உருளை சாய்ந்து, மேலும் கீழும் உராய்கின்றது.

இங்கேதான் திருத்துநரின் நேர்மை சோதிக்கப்படுகின்றது. விரைவான வழியொன்றுண்டு. கூரிய உளியினால் துளையைச் சுற்றிக் குத்தினால் பித்தளை உள்நோக்கி நெருங்கும், துளை சிறுக்கும், மணிக்கூடு ஓடும். உடைமையாளர் மகிழ்ந்து செல்வார். சில ஆண்டுகளில் துளை மீண்டும் அகலும். குத்திய வடுக்களோ என்றும் மாறா. செம்மையான வழி, துளையைப் பெருப்பித்து, புதிய பித்தளைக் குழலொன்றை அழுத்திப் பொருத்துவதாகும். சொல்வதற்கு இஃது எளிது. தேய்ந்த துளையின் நடுவைப் பின்பற்றித் துளைத்தால், அச்சு தன் பழைய இடத்தைவிட்டு விலகிவிடும். அடுத்த சில்லின் பற்களோடு அது பொருந்தும் ஆழமும் பிழைத்துவிடும். எனவே, தேயாது எஞ்சியுள்ள ஓரத்தைக்கொண்டு, 1950களில் ஆலையில் இடப்பட்ட முதல் நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். இல்லாமற்போன வட்டமொன்றை அதன் விளிம்பின் ஒரு துண்டிலிருந்து மீட்டெடுக்கும் இவ்வேலையை, சிதைந்த ஏட்டிலிருந்து மூலபாடத்தை மீட்கும் பதிப்பாசிரியரின் வேலையோடு ஒப்பிடலாம்.

சமனிலைச் சில்லின் அச்சு இதனினும் நுண்ணியது. அதன் முனைகளின் விட்டம் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர், தலைமயிரின் பருமனை ஒத்தது. புதியதைக் கடைந்தெடுக்க வல்லோர் இன்று அருகிவிட்டனர். 1969 டிசம்பர் 25ஆம் நாள் யப்பானிய நிறுவனமான செய்க்கோ குவாட்சுக் கைமணிக்கூட்டை விற்பனைக்கு விட்டது. 1970இல் சுவிற்சர்லாந்தின் மணிக்கூட்டுத் தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் இருந்தனர். 1980களின் நடுவில் அத்தொகை 30,000ஐ அண்மித்தது. உதிரிப்பாகங்களைச் செய்த சிறு பட்டறைகள் பலவும் மூடப்பட்டன. 2020இல் இக்கைவினை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. பட்டியல் நல்லதே, அதனால் அச்சுகள் கிடைக்கமாட்டா. எனவே, ஒரு மணிக்கூட்டை உயிர்ப்பிக்க அதே இனத்தைச் சேர்ந்த இன்னொன்றைப் பிரித்தெடுக்கும் வழக்கம் பரவியுள்ளது. அவ்வினம் இனிப் பெருகப்போவதில்லை. பிரிக்கப்படுவதும் யாரோ ஒருவரின் தந்தை கட்டியிருந்ததுதான் என்பதை எண்ணுவோர் குறைவு.

உள்ளே இவ்வளவு பாடுபட்டபின், “முகப்பையும் புதிதாக்கித் தாருங்கள்” என்ற வேண்டுகோள் பெரும்பாலும் வரும். நல்ல திருத்துநர் இதற்கு இணங்கத் தயங்குவார். தேய்ந்த துளை மணிக்கூட்டை நிறுத்திவிடும். மங்கிய முகப்பு எதனையும் நிறுத்துவதில்லை. மீளப் பூசப்பட்ட முகப்பில் எழுத்துக்கள் தடித்தும் கோணியும் நிற்பதைக் கண்டோர் அத்தயக்கத்தை ஒப்புக்கொள்வர். இன்னொரு காரணமும் உண்டு. 1960கள்வரை இருளில் ஒளிரும் முகப்புகள் பலவற்றிற்கு ரேடியம் பூசப்பட்டது. இப்போது அவை ஒளிர்வதில்லை. ஒளிதந்த நாகசல்பைட்டு நலிந்துவிட்டமையே காரணம். ரேடியத்தின் அரைவாழ்வுக்காலம் 1,600 ஆண்டுகள் என்பதால் அது ஏறக்குறைய முழுமையாக அங்கேயே இருக்கின்றது. அதைச் சுரண்டினால் எழும் தூள், குனிந்திருக்கும் திருத்துநரின் மூச்சோடு உட்செல்லும். மங்கிய அவ்வெண்களைத் தொடாது, முட்களை மட்டும் பொருத்திக் கண்ணாடியை மூடிவிடுவதே முறை.