முதுகுல வட்டம் வட்டமா என்னன்னு கேட்டவங்களுக்கு

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படிங்க. வீட்டுல பெக்காம் கப்பு வச்சிருக்கிறவங்க மட்டும் தயவு செஞ்சு கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

போன வெள்ளிக்கிழமை பூஜையில சட்டையக் கழட்டிட்டு துண்டோட நின்னுகிட்டு இருந்தோம். பின்னால இருந்து ஒரு சின்னப் பிள்ளை சத்தமா கேட்டுச்சு, "அம்மா, அங்கிள் முதுகுல தோசை சுட்டாங்களா?" பூசாரி ஐயாவே சிரிச்சிட்டார். தீபாராதனை முடிஞ்சதும் நாலு பேரு வந்து, எங்க வச்சீங்க, எவ்வளவு, எங்களுக்கும் வச்சு விடுவீங்களான்னு கேட்டாங்க. அவங்களுக்கு "இல்லங்க, இப்ப யாருக்கும் வைக்கிறதில்ல" அப்படின்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டோம். ஏன்னு சொல்லல. அதைத்தான் இங்க எழுதுறோம்.

எங்களுக்கு வயசு ஐம்பத்தி நாலு. இடைநிலைப் பள்ளி முடிச்சதும் ஃபேக்டரிக்குள்ள போனது. ஆரம்பத்துல பெட்டி தூக்குற வேலை, இப்ப சூப்பர்வைசர். சூப்பர்வைசர்னா உக்காந்து பாக்குற வேலைன்னு சில பேரு நெனைக்கிறாங்க. சிமெண்டுத் தரையில பன்னெண்டு மணி நேரம் நடக்குற வேலைங்க. சனி, ஞாயிறு கோயில். அரிசி மூட்டை, கேஸ் தோங், நாற்காலி, அண்டா. திருவிழா வந்தா அம்மனைத் தோள்ல தூக்கணும். இதெல்லாம் சலிச்சு சொல்லல, ஆசைப்பட்டு செய்யறதுதான். ஆனா உடம்புக்கு அது தெரியாதே. ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல ஒரு கல்லு வச்ச மாதிரி வலி. எட்டு, ஒம்போது வருஷமா இருக்கு. கோடாலி தைலம், பிளாஸ்டர், பனடோல், எல்லாம் பாத்தாச்சு.

வேலையிடத்துல கூட இருக்கிற மலாய்க்கார நண்பர் ஒருத்தர்தான் பெக்காம் போடச் சொன்னார். அவங்களுக்கு அது சமயத்தோடயும் சேர்ந்த மருத்துவம். அவரே ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனார். முதுகுல ஆறு கப்பு வச்சாங்க. தோலைப் பிடிச்சு இழுக்குது, வலிக்கவும் செய்யுது, சுகமாவும் இருக்குது. அன்னைக்கு ராத்திரி நல்லா தூங்கினோம். ஒவ்வொரு தடவையும் காசு குடுக்கணுமேன்னு பாசார் மாலாம்ல 35 வெள்ளிக்கு ஒரு பெட்டி வாங்கினோம். பிளாஸ்டிக் கப்பு, கையால இழுக்குற பம்பு. நெருப்பு வேண்டாம். வீட்டுக்காரம்மா ரெண்டே நாள்ல கத்துக்கிட்டாங்க. வச்சா மூணு நாள் சுகம். நாலாவது நாள் கல்லு திரும்பி வந்திடும். மறுபடி வைப்போம்.

இது நமக்குப் புதுசு இல்லைன்னும் சொல்லணும். எஸ்டேட்டுல இருந்தப்ப பாட்டி, வயித்து வலின்னா வெத்தலை மேல சின்ன திரியக் கொளுத்தி தொப்புள் மேல வச்சு, சொம்பைக் கவுத்திடுவாங்க. நெருப்பு அணைஞ்சதும் சொம்பு வயித்தைக் கவ்விப் பிடிச்சுக்கும். சுஸ்ருதர் எழுதின பழைய ஆயுர்வேத நூல்லயே மாட்டுக் கொம்பு வச்சு உறிஞ்சுறதும், சுரைக்குடுக்கைக்குள்ள விளக்கு வச்சு ரத்தம் இழுக்குறதும் இருக்கு. சீனர்களும் கொம்பு வச்சிருக்காங்க. 2016 ரியோ ஒலிம்பிக்ல நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் தோள்ல இதே வட்டத்தோட குளத்துல இறங்கினதை டிவில எல்லாரும் பாத்தோம். இதையெல்லாம் சொல்லிச் சொல்லியே நாங்க பெரிய ஆளு ஆயிட்டோம்.

ஆமாங்க. அதுதான் தப்பு ஆரம்பிச்ச இடம்.

போன வருஷம் மாசி மகத்துக்கு செங் சன்னாசிமலைக்குப் போறவங்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டோமே, ஞாபகம் இருக்கா? பெட்டி பெட்டியா பானம் தூக்கி எல்லாருக்கும் இடுப்பு விட்டுப் போச்சு. மறுநாள் கோயில் சமையக்கட்டுக்குப் பின்னால பாய் விரிச்சு, அஞ்சு தொண்டூழியர்களுக்குக் கப்பு வச்சு விட்டோம். எல்லாரும் "அண்ணே, பறக்குற மாதிரி இருக்கு"ன்னாங்க. அதுல இருந்து ஒவ்வொரு அன்னதானம் முடிஞ்சும் பெட்டியோட போயிடுவோம். வட்டம் கருப்பா வந்தா "பாத்தீங்களா, எவ்வளவு கெட்ட ரத்தம்"னு சொல்லுவோம். யாரும் எங்களைக் கேள்வி கேக்கல. நாங்களும் யாரையும் கேள்வி கேக்கல.

நம்ம சமையல்ல ஒரு பெரியவர் இருக்கார். பேரு வேண்டாம், அவரும் சம்மதிச்சுத்தான் இதை எழுதுறோம். நாங்க அண்ணன்னுதான் கூப்பிடுவோம். அறுபது தாண்டிட்டார். முன்னூறு பேருக்கு சாம்பார்னாலும் உப்பு பாக்க மாட்டார், வாசனையிலயே சொல்லிடுவார். அவருக்குக் கெண்டைக்கால் வலி. "நடந்தா இழுத்துப் பிடிக்குது தம்பி, கொஞ்சம் நின்னா விட்டுடுது"ன்னு சொல்லுவார். அடுப்பு முன்னால நின்னு நின்னு வந்த சதை வலின்னு நாங்களே முடிவு பண்ணினோம்.

ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு கெண்டைக்கால்லயும் கப்பு வச்சோம். அந்த நேரம் பார்த்து உபயக்காரர் ஒருத்தர் வந்தார். ரசீது எழுதப் போனோம். பேசினோம், டீ குடிச்சோம். திரும்பி வந்தப்ப அரை மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சு. அண்ணன் அப்படியே படுத்து தூங்கிட்டார். கப்பைக் கழட்டினா வலது கால்ல மூணு கொப்புளம். "வலிக்கலையா அண்ணே?"ன்னு கேட்டோம். "ஒண்ணும் தெரியலையே தம்பி"ன்னார். அப்பவே எங்களுக்கு உறைச்சிருக்கணும். மஞ்சளும் எண்ணெயும் தடவி அனுப்பி வச்சோம்.

அடுத்த ஞாயிறு அண்ணன் சமையலுக்கு வரல. கேட்டதுக்குக் காய்ச்சல்னு சொன்னாங்க. அதுக்கு மறுநாள் அவங்க வீட்டுக்காரம்மா போன் பண்ணினாங்க. கொப்புளம் உடைஞ்சு புண்ணாகி, கால் வீங்கி, ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. அண்ணனுக்குப் பத்து வருஷத்துக்கு மேல இனிப்பு நீர். எங்களுக்குத் தெரியாது. கோயில்ல யாருக்கும் தெரியாது. புண்ணு வந்ததையும் அவர் நாலு நாள் மறைச்சிருக்கார். "தம்பி மனசு கஷ்டப்படும்"னு சொன்னாராம்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணன் கையப் பிடிச்சுக்கிட்டு "உங்க மேல தப்பில்ல, நான்தான் சொல்லாம விட்டுட்டேன்"னார். வெளிய வந்தப்ப அக்கா எங்களைப் பாத்து மெதுவாத்தான் சொன்னாங்க. "அவரு சொல்லலதான் தம்பி. ஆனா நீங்க கேக்கலையே. கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு."

அந்த வார்த்தை இன்னைக்கும் காதுல இருக்கு. திட்டியிருந்தா கூட மறந்திருப்போம்.

டாக்டர் இன்னொண்ணும் கண்டுபிடிச்சார். நடந்தா பிடிக்கிறதும் நின்னா விடுறதும் சதை வலியே இல்லையாம். காலுக்குப் போற ரத்தக் குழாய் அடைச்சுக்கிட்டு வருதுன்னு உடம்பு குடுக்குற அடையாளமாம். ரத்தம் சரியா போகாத கால்ல புண்ணு வந்தா ஆறாது. விரலை எடுக்க வேண்டி வருமோன்னு ஒரு வாரம் எல்லாருக்கும் பயம். அம்மன் புண்ணியத்துல விரல் தப்பிச்சது. ஆனா புண்ணு ஆறி முடிய ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிளினிக்குக்கு மருந்து கட்டக் கூட்டிட்டுப் போனது நாங்கதான். அது பெருமைக்குச் சொல்றது இல்ல. அதையாவது செய்யாம இருக்க முடியல.

அந்த ரெண்டு மாசம் கிளினிக்ல உக்காந்து, டாக்டர்கிட்டயும் மிஸ்ஸிகிட்டயும் உடற்பயிற்சி சொல்லிக் குடுக்குறவங்ககிட்டயும் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை இங்க எழுதுறோம்.

அந்த வட்டம் கெட்ட ரத்தம் இல்ல. கப்பு காத்தை இழுக்கும்போது தோல் மேல எழும்புது, உள்ள இருக்கிற மெல்லிய ரத்தக் குழாய்ங்க உடைஞ்சு ரத்தம் கசியுது. அடிபட்டா கன்னிப் போகுமே, அதேதான். ஒண்ணு ரெண்டு வாரத்துல மறைஞ்சிடும். கருப்பா வந்தா ரொம்ப இழுத்துட்டோம்னு அர்த்தம், நோய் வெளிய வந்துச்சுன்னு அர்த்தம் இல்ல.

வலி குறையறது பொய் இல்ல. கழுத்து, முதுகு வலிக்குக் கொஞ்ச நாள் சுகம் குடுக்குதுன்னு ஆய்வுகள்லயும் வந்திருக்கு. ஆனா கொஞ்ச நாள்தான். வலிக்கு என்ன காரணமோ அதை மாத்தலைன்னா திரும்பி வரும்.

வீட்டுல வைக்கிறவங்க இதை மனசுல வச்சுக்குங்க:

1. இனிப்பு நீர், காலு மரத்துப் போறது, ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடுறவங்க, ரத்தக் கோளாறு, கர்ப்பிணிங்க, தோல் மெலிஞ்ச வயசானவங்க, டெங்கிக் காய்ச்சல் வந்து இப்பத்தான் தேறினவங்க. இவங்களுக்கு டாக்டரைக் கேக்காம வைக்கவே கூடாது.

2. முதுகெலும்பு மேல, கழுத்து முன்பக்கம், நரம்பு சுருண்டு புடைச்ச இடம், புண்ணு, மச்சம், இங்கெல்லாம் வேண்டாம். முதுகுல சதை உள்ள இடத்துல மட்டும்.

3. ரெண்டு மூணு தடவை பம்பு இழுத்தாப் போதும். அஞ்சு நிமிஷத்துல ஆரம்பிங்க, பத்தைத் தாண்ட வேண்டாம். மணி வச்சுக்குங்க. வச்சு விட்டவங்க எழுந்து போகக் கூடாது. இதைப் பெரிய எழுத்துல படிங்க.

4. ஒரு ஆளுக்கு வச்ச கப்பை இன்னொருத்தருக்கு வைக்காதீங்க. அவங்கவங்களுக்குத் தனிப் பெட்டி. சோப்பு போட்டுக் கழுவிக் காய வைங்க.

5. தோலைக் கீறி ரத்தம் எடுக்கிற பெக்காம், நெருப்பு வச்சுப் போடுறது, ரெண்டும் வீட்டுல வேண்டவே வேண்டாம். மஞ்சள் காமாலைக் கிருமி ரத்தம் வழியாவும் பரவும். அந்த மாதிரி வைத்தியத்துக்குப் பதிவு பெற்றவங்ககிட்டப் போங்க. நம்ம நாட்டுல பாரம்பரிய மருத்துவத்துக்குன்னே 2016-ல சட்டம் வந்திருக்கு, சட்டம் 775. "பதிவு இருக்கா?"ன்னு கேக்க வெக்கப்படாதீங்க.

6. நெஞ்சு, இடது கை, தாடைக்கு வலி பரவுனா, வேர்த்தா, மூச்சு வாங்கினா கப்பைத் தேடாதீங்க. நேரா ஆஸ்பத்திரி. கை கால் மரத்துப் போனாலும், காய்ச்சலோட முதுகு வலி வந்தாலும் அப்படித்தான்.

இன்னொரு கணக்கும் சொல்லணும். 2019-ல எடுத்த தேசிய சுகாதார ஆய்வுல, நாட்டுல பெரியவங்கள்ல 18.3 விழுக்காடு பேருக்கு இனிப்பு நீர். அதுல பாதிக்குக் கிட்ட பேருக்கு, தங்களுக்கு இருக்கிறதே தெரியாது. மூணு இனத்துலயும் நம்ம ஆளுங்களுக்குத்தான் அதிகம். அப்படின்னா நம்ம அன்னதானப் பந்தியில ஒரு வரிசையில உக்காந்திருக்கிறவங்களை எண்ணிப் பாருங்க. "எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு அவங்க சொல்றதை மட்டும் நம்பி உடம்புல கை வைக்கலாமா?

சரி, அப்புறம் உங்க முதுகுல ஏன் வட்டம்னு கேப்பீங்க. எங்களுக்கு இன்னும் வைக்கிறோம். வீட்டுக்காரம்மா பக்கத்துல உக்காந்து, போன்ல எட்டு நிமிஷம் மணி வச்சு, மூணு வாரத்துக்கு ஒரு தடவை. முன்ன மாதிரி நாலு நாளைக்கு ஒரு தடவை தேவைப்படல. காரணம் கப்பு இல்ல. கிளினிக்ல சொல்லிக் குடுத்த தோள் பயிற்சியைக் காலையில பத்து நிமிஷம் செய்யறோம். மூட்டையைத் தனியாத் தூக்குறதை விட்டாச்சு. தூக்கும்போது குனியாம முட்டிய மடக்கணும்னு ஃபேக்டரியில புதுசா வர்ற பிள்ளைங்களுக்குத் தினம் சொல்லிக் குடுக்குறவங்க நாங்க. கோயிலுக்கு வந்தா மட்டும் பக்தி வேகத்துல அதை மறந்திடுறோம். அம்மனுக்கு நம்ம முதுகை உடைச்சுக் காட்டணும்னு அவங்க கேக்கல.

கோயிலுக்கு ஒரு தள்ளுவண்டி வாங்கியாச்சு, கவனிச்சிருப்பீங்க. இனி அரிசி, கேஸ் தோங் எல்லாம் அதுலதான். அண்டா இறக்கும்போது நாலு பேரு. இளைஞர்கள் சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு மணி நேரம் வந்தாலே போதும், பெரியவங்க முதுகு தப்பிக்கும். செயலவைகிட்டயும் ஒண்ணு கேட்டிருக்கோம். தொண்டூழியர் பேரு எழுதுற புத்தகத்துல, அவங்கவங்க விருப்பப்பட்டா இனிப்பு நீர், ரத்த அழுத்தம், சாப்பிடுற மருந்து எழுத ஒரு இடம் விடலாம்னு. யாரையும் ஒதுக்குறதுக்கு இல்ல. யாராவது மயங்கி விழுந்தா பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் தெரியணும்.

அண்ணன் திரும்ப வந்துட்டார். நிக்கிற வேலை இல்ல. நாற்காலி போட்டு உக்காந்து காய் வெட்டுறார். சாம்பார் அண்டாவுக்கு இப்ப வேற ஒரு தம்பி நிக்கிறான். ஆனா உப்பு சரியான்னு அவன் இன்னமும் அண்ணன் பக்கம் கரண்டியை நீட்டுறான். போன வாரம் நாங்க அரிசி மூட்டைய தள்ளுவண்டியில ஏத்துறதைப் பாத்து அண்ணன் சொன்னார், "தம்பிக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு." நாங்க ஒண்ணும் சொல்லல. அவர் பக்கத்துல உக்காந்து கொஞ்ச நேரம் கத்திரிக்காய் வெட்டினோம்.

எங்ககிட்டக் கப்பு வச்சுக்கிட்ட எல்லாருகிட்டயும் இந்தப் பதிவு வழியா மன்னிப்பு கேட்டுக்கிறோம். யாருக்காவது தோல்ல ஏதாவது ஆகியிருந்து, அண்ணன் மாதிரி சொல்லாம இருந்தா, தயவு செஞ்சு சொல்லிடுங்க.

அந்தத் தோசைக் கேள்வி கேட்ட பாப்பாவுக்கு: தோசை இல்லம்மா. அங்கிள் தனியா மூட்டை தூக்கினதுக்கு வந்த அடையாளம். நீ பெரியவளானதும் யாருக்காவது உதவி செய்யப் போனா, முதல்ல அவங்களைக் கேட்டுட்டுச் செய்.

ஆடித் திருவிழா வேலை ஆரம்பிக்குது. வாங்க, சேர்ந்து தூக்குவோம்.

அம்மன் துணை.